ஏழாம் பக்கத்துப் பலூன்

பேருந்து கோவில்பட்டி எல்லையைத் தாண்டுவதற்குள் செண்பகவல்லி மடியிலிருந்த காகிதக் கோப்பை ஆறு தடவை திறந்து பார்த்துவிட்டாள். ஆறு தடவையும் ஏழாம் பக்கத்துப் பேச்சுப் பலூன் காலியாகத்தான் இருந்தது. தானாக நிரம்பிவிடும் என்பதுபோல எதற்குத் திறந்து திறந்து பார்க்கிறோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பதினொரு மணி ஞாபகம் வந்தது, பதினொரு மணிக்கு வாசிக்க வேண்டும், வாயைத் திறந்து, சத்தமாக, இரண்டு ஆண்களுக்கு முன்னால். அறுபத்திரண்டு பக்கக் கதை. மற்ற பலூன்களில் எல்லாம் எழுத்து ஏறிவிட்டது. வில்லன் டாக்டர் சூனியன் மூச்சுவிடாமல் பேசுகிறான், கல்யாண வேனுக்குள் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையின் தாய்மாமன்கூட மூன்று பலூன் நிறையப் புலம்புகிறார். பேசாமல் கிடப்பது இந்த ஒன்றுதான், இது பேசாவிட்டால் மற்றவை பேசியும் பிரயோசனமில்லை. உடைந்த பாலத்தின் விளிம்பில் வேன் அந்தரத்தில் தொங்குகிறது. மேலே பாலத்தில் கந்தகன், விரல் நுனியில் நெருப்பு உள்ளவன், இடிமுரசு காமிக்ஸின் ஆள். கீழே ஆற்றில் ஆழிவேந்தர், தண்ணீருக்குள் மூச்சுவிடத் தெரிந்த என்ஜினீயர், நீலவானம் காமிக்ஸின் ஆள். சிவகாசியில் இரண்டு தெரு தள்ளி நாற்பது வருஷமாக அச்சாகியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இரண்டு பேர். நடுவில் ஒரு இரும்புச் சங்கிலி. அந்தச் சங்கிலியை வீசும்போது ஒருவர் மற்றவரைப் பார்த்து முதல் வார்த்தை சொல்ல வேண்டும். நீ என்பதா, நீங்கள் என்பதா? நீ என்றால் எதிரில் உள்ளவர் சின்னவர், நீங்கள் என்றால் சொல்பவர் சின்னவர். இந்த இரண்டுக்கும் நடுவில் தமிழில் ஒரு முக்காலி போட்டு உட்கார இடமில்லையே என்று நினைத்தாள். முன் சீட்டுக்காரர் ஜன்னலை முழுதாகத் திறந்து வைத்திருந்தார், கரிசல் புழுதி நேராகக் கோப்பின் மேல் வந்து விழுந்தது, அதைச் சொல்லவும் அவளுக்கு ஒரு வாக்கியம் தேவைப்பட்டது.

வெள்ளைச் சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, படிக்கட்டுக்குப் பக்கத்து ஒற்றை ஆள் சீட்டு. ஏதோ பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவராக இருக்கலாம், பின்னங்கழுத்திலேயே ஒரு கண்டிப்பு தெரிந்தது. சார் என்று ஆரம்பிப்பதா, ஐயா என்று ஆரம்பிப்பதா, ஜன்னலைக் கொஞ்சம் என்று நிறுத்திவிட்டால் மீதி அவருக்கே புரியுமா? அவள் துப்பட்டாவால் கோப்பைத் துடைத்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருஷமும் இடிமுரசு அலுவலகத்தில் அவள் செய்வது பலூன்களுக்குள் மற்றவர்கள் பேச்சை நிரப்பும் வேலைதான். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, எழுத்து பலூனைத் தாண்டாமல், வால் சரியான வாயைப் பார்த்துத் திரும்பும்படி வைக்க வேண்டும். அது அவளுக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அங்கே யாரும் அவளைப் பேசச் சொல்வதில்லை. திருத்தத் தாள்களின் பின்பக்கத்தில் அவள் கிறுக்கி வைத்திருந்த கதையை ஆசிரியர் அழகர்சாமி எடுத்துப் படித்துவிட்டதுதான் வினையாகப் போயிற்று. “ஏம்மா, ரெண்டு பேரையும் சேத்து வைக்கப் பாக்கியா? நடக்கிற காரியமா இது?” என்றார். நாலு நாள் கழித்து அவரே வந்து, “பைண்டிங் கடைக்காரர்ட்ட சொல்லி அனுப்புனேன், ஜெபமணி கேக்கறேன்னு சொல்லிட்டான். ஆனா நீயே வந்து வாசிக்கணும். அவன் தலையாட்டுனா அச்சுக்குப் போகும், இல்லேன்னா இத்தோட மூட்டை கட்டிருவோம்” என்றார். ஜெபமணி நீலவானத்தின் ஆசிரியர். அவர் இல்லாத இடத்தில் அவரை அவன் என்று சொல்கிற அழகர்சாமி, நேரில் எப்படிச் சொல்வார் என்று அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது, ஏனென்றால் அவர்கள் நேரில் பேசி இருபத்தைந்து வருஷம் ஆகிறது.

அதற்கும் காரணம் ஒரு எழுத்துதான். இடிமுரசில் நாயகனுக்கு ஆன் போடுவார்கள், கந்தகன் பாய்ந்தான், கந்தகன் சிரித்தான், நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு மரியாதை என்பது அவர்கள் கட்சி. நீலவானத்தில் ஆர்தான், ஆழிவேந்தர் மூழ்கினார், ஆழிவேந்தர் முறைத்தார், படித்தவரை அவன் இவன் என்று எழுதினால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும் என்பது இவர்கள் கட்சி. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் ஒரே கதையில் கொண்டுவரலாம் என்று ஒப்புக்கொண்டு விளம்பரம்வரை போனார்கள். இடிமுரசில் அச்சுக் கோத்தவர் கைப்பழக்கத்தில் ‘ஆழிவேந்தன் வருகிறான்!’ என்று கோத்துவிட்டார். அடுத்த மாதம் நீலவானத்தில் ‘ஆழிவேந்தர் வருகிறார், உடன் கந்தகனும் வருகிறான்!’ என்று வந்தது. இரண்டு பக்கமும் சாக்கு நிறைய வாசகர் அஞ்சலட்டை. உங்கள் ஆள் வருகிறார், எங்கள் ஆள் மட்டும் வருகிறானா? அதோடு போயிற்று, கந்தகனும் வரவில்லை, ஆழிவேந்தரும் வரவில்லை. கட்டத்துக்கு மேலே வரும் வர்ணனை வரியைச் செண்பகவல்லி போன மாதமே சமாளித்துவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து எதையாவது செய்தால் ஆனும் இல்லை ஆரும் இல்லை, ஆர்கள். இருவரும் ஓடினார்கள், இருவரும் இழுத்தார்கள். கண்டுபிடித்த அன்று சோறு பிசைந்த கையோடு எழுந்துபோய் எழுதி வைத்தாள். ஆனால் பலூனுக்குள் இருவரும் கிடையாது. பலூனுக்குள் ஒரு வாய் இன்னொரு காதைப் பார்த்துப் பேசியாக வேண்டும். வில்லன்களுக்கு இந்தக் கஷ்டமே இல்லை. டேய் கந்தகா, அடேய் ஆழிவேந்தா, டாக்டர் சூனியன் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டிவிடுகிறான். சமத்துவம் என்னவோ கெட்டவர்களுக்குத்தான் சுலபமாக வருகிறது.

அம்மாவும் பெரியம்மாவும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடித்தனம். எதற்கோ சண்டை போட்டு, ஐந்து வருஷம் இவள் அக்கா என்றும் கூப்பிடவில்லை, அவள் நீ என்றும் சொல்லவில்லை. ஆனால் பேசாமலும் இருக்கவில்லை. “தண்ணி வந்தாச்சு” என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்வாள். “பிடிச்சாச்சு” என்று சுவர் பதில் சொல்லும். “கரண்ட் பில் கட்டியாச்சா?” “கட்டியாச்சு.” ஆள் இல்லாத பேச்சு. செய்தவர் யார் என்றே தெரியாது, செய்து முடிந்திருக்கும். செண்பகவல்லி அந்தப் பேச்சை அப்படியே தூக்கிக்கொண்டாள், கல்லூரியில், அலுவலகத்தில், எல்லா இடத்திலும். சாப்பிட்டாச்சா, முடிச்சாச்சு, அனுப்பியாச்சு. யாரையும் தொடாமல் யாரோடும் பேசிவிடலாம். கந்தகனும் ஆழிவேந்தரும் அப்படியே பேசிக்கொள்ளட்டுமே என்று ஒரு வாரம் முழுக்க முயன்று பார்த்தாள். ‘சங்கிலி வீசியாச்சு!’ என்று பலூனில் எழுதினால், வேன் விழப் போகும் நேரத்தில் கந்தகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. கண்டிப்பாக அது வீரம் இல்லை. அவளுக்குத் தெரியாதா அது என்ன என்று?

அலைபேசி அதிர்ந்தது. அண்ணன் பூவலிங்கம், திருப்பூரிலிருந்து.

“ஏட்டி, எங்க இருக்க?”

“பஸ்ல.”

“இன்னைக்குத்தான பஞ்சாயத்து? என் ஆளு ஒத்தைக் கையால அந்தத் தண்ணிப்பாம்பைத் தூக்கி வெயில்ல போடுறான்னு எழுதிட்டியா?”

“அவர் ஒண்ணும் தண்ணிப்பாம்பு இல்ல.”

“பாத்தியா, பாத்தியா! சம்பளம் வாங்குறது இடிமுரசுல, மரியாதை நீலவானத்துக்கு. சரி, யாரு முதல்ல பேசுறா, அதைச் சொல்லு.”

“இன்னும் எழுதல.”

“வெளங்கும். மாப்ள வேன் ஆத்துல விழுந்து கருமாதி முடிஞ்சப்புறம் எழுது. ஏ செண்பகா, நெசமாவே நீயா வாசிக்கப் போற? சத்தம் வருமாட்டி?”

“வரும்” என்றாள். அதுவே பாதிதான் வந்தது. பக்கத்துச் சீட்டில் மடியில் புது எவர்சில்வர் குடத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த அம்மாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அவனுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது, இணைப்பு போன பிறகுதான் வரிசையாக வந்தது. அவன் கந்தகன் கட்சி, அவள் ஆழிவேந்தர் கட்சி. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யார் ஜெயிப்பார் என்று சண்டை. நெருப்புக்கு முன்னால தண்ணி ஆவியாயிரும்ட்டி. தண்ணிக்கு முன்னால நெருப்பு அணைஞ்சிரும் போ. ஒன்பது வயதில் ஒரு நாள் அவளுக்குச் சண்டை அலுத்துப்போய், இரண்டு புத்தகத்தின் கம்பியையும் பிரித்து, ஒரு பக்கம் அது ஒரு பக்கம் இது என்று மாற்றி மாற்றி அடுக்கினாள். பதினோராம் பக்கத்தில் கந்தகன் மலையுச்சியிலிருந்து விழுகிறான், தலைகீழாக, கைகளை விரித்து. அடுத்த பக்கம் நீலவானம், ஆழிவேந்தர் ஒரு படகிலிருந்து கையை நீட்டுகிறார். எதற்காகவோ நீட்டிய கை அது, நங்கூரத்துக்காக இருக்கலாம். ஆனால் பக்கத்தைத் திருப்பும்போது அந்தக் கை விழுகிறவனுக்காக நீண்டது. அவள் எத்தனை முறை திருப்பினாள் என்று கணக்கில்லை, விழுந்தான், கை நீண்டது, விழுந்தான், கை நீண்டது. புத்தகத்தைக் கிழித்துவிட்டாள் என்று அண்ணன் முதுகில் ஒன்று வைத்தான். வலித்தது, ஆனால் அந்தக் கை நீண்டதை அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததை இல்லை என்று யார் அடித்தாலும் சொல்ல வைக்க முடியாது. அன்றைக்கும் பலூனில் என்ன இருந்தது என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. பலூனைப் படிக்காமல் கையையே பார்த்திருக்கிறாள்.

சாத்தூரில் வண்டி நின்றது. வெள்ளரிக்காய்க் கூடைகள் ஜன்னலுக்கு ஜன்னல் ஏறி இறங்கின. எதிர்ப்பக்கம் கோவில்பட்டி வண்டி உறுமிக்கொண்டு தயாராக நின்றது. இறங்கி, நாலு எட்டு வைத்து, அதில் ஏறிவிட்டால் முக்கால் மணி நேரத்தில் வீடு. காய்ச்சல் என்று ஒரு செய்தி அனுப்பிவிடலாம், காய்ச்சல் வந்தாச்சு, அதிலும் ஆள் கிடையாது. கால் பெருவிரல் செருப்புக்குள் மடங்கியது. கல்லூரியில் இறுதி வருஷ வாய்மொழித் தேர்வு அன்றைக்கும் இப்படித்தான் மடங்கியது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். சூத்திரம் கண்ணுக்கு முன்னால் நின்றது, எப்படித் தொடங்குவது என்பதில் மாட்டிக்கொண்டாள், அது ஒரு என்று தொடங்குவதா, அதாவது சார் என்று தொடங்குவதா. அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, “மனசுக்குள்ள இருக்கிறதுக்கு மார்க் போட முடியாதும்மா” என்றார். அதில் கோபம் இல்லை, அதுதான் இன்றைக்கும் குத்துகிறது. கோவில்பட்டி வண்டி ஹாரன் அடித்தது. இல்லை, போகமாட்டேன். அவள் கோப்பின் கயிற்றை இறுக்கிக் கட்டி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டு, இரண்டு கையையும் அதன் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். பலூன் காலியாக இருந்தாலும் சரி, போய்க் காலி பலூனையே வாசிப்பேன், இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை சார் என்றாவது வாயால் சொல்வேன். கோவில்பட்டி வண்டி போய்விட்டது. போகட்டும்.

வண்டி சிவகாசி ரோட்டில் திரும்பியதும் அவள் கற்பனையில் இரண்டு பேரையும் கூடவே ஏற்றிக்கொண்டாள். கந்தகன் என்ஜின் பெட்டி மேல்தான் உட்காருவான், சூடு அவனுக்குச் சுகம். தீப்பெட்டி ஆலையில் வளர்ந்தவன், மழை என்றால் மட்டும் நடுக்கம். ஆழிவேந்தர் நின்றுகொண்டே வருவார், அரை மணிக்கொரு தரம் தொண்டை காயும், இந்தக் கரிசலில் அவர் என்ன செய்வார் பாவம், கையில் தண்ணீர் பாட்டிலோடு. அவனுக்குத் தண்ணீர் பயம், இவருக்கு வறட்சி பயம். சேர்ந்து போனால் ஒருவர் பயப்படுகிற இடத்தில் மற்றவர் முன்னால் போகலாம், யார் முன்னால் என்ற கேள்வியே இடத்துக்கு இடம் மாறும், அதைத்தான் அறுபத்திரண்டு பக்கத்தில் எழுதியிருக்கிறாள். ஆழிவேந்தர் பாட்டிலை மூடிவிட்டு என்ஜின் பெட்டியைப் பார்க்கிறார். கந்தகன் நிமிர்ந்து பார்க்கிறான். பேசுங்கள். யாராவது ஒருவர் வாயைத் திறங்கள். இல்லை, பேசு என்பதா, பேசுங்கள் என்பதா, பார், எனக்கே வந்துவிட்டது, உங்களை நானே எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல்தான். முன்னால் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

குடம் போயிற்று. தூங்கிய அம்மாளின் மடியிலிருந்து எகிறி, தரையில் விழுந்து, டமடமடமவென்று நடைபாதையில் உருண்டது. இடிமுரசில் அப்படித்தான் போடுவார்கள், நீலவானத்தில் கடகட, சனியன் பிடித்த தலை இப்போதுமா இதை நினைக்கும்! குடம் கதவில்லாத படிக்கட்டைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தது, கீழே தார்ச்சாலை ஓடிக்கொண்டிருந்தது, யாரோ கத்தினார்கள்.

“பிடி! பிடி!”

வெள்ளைச் சட்டைக்காரர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. காலை நீட்டித் தடுத்து, குனிந்து, குடத்தின் கழுத்தில் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். “பிடிச்சாச்சு, பிடிச்சாச்சு” என்றார். வண்டியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். பக்கத்து அம்மாள் நெஞ்சில் கை வைத்து, “மவளுக்கு வாங்குனதுய்யா, நல்லாயிருப்பீக” என்றாள். பெரியவர் குடத்தைச் சுற்றிப் பார்த்து, “சின்ன நெளிசல்தான். யாரு சத்தம் போட்டது? நல்ல வேளை” என்றார். அம்மாள் செண்பகவல்லியைக் காட்டினாள். அப்போதுதான் கத்தியது தான் என்று அவளுக்குத் தெரிந்தது. தொண்டை எரிந்தது. தங்க ஃப்ரேம் போட்ட, பேரன் பேத்தி எடுத்திருக்கக்கூடிய ஒரு மனிதரைப் பார்த்து, முன்பின் தெரியாதவரைப் பார்த்து, அவள் பிடி என்றிருக்கிறாள். பிடிங்க இல்லை, பிடியுங்கள் சார் இல்லை. அவர் கோபப்படவில்லை. அவருக்கு அது காதில் நீ என்று விழவே இல்லை, குடம் என்றுதான் விழுந்திருக்கிறது. அவர் சொன்ன பதிலும், பிடிச்சாச்சு, அம்மாவுடைய சுவர்ப் பேச்சுதான், ஆனால் சுவரைக் காணோம். அவள் கயிற்றைப் பிரிக்க முயன்றாள், முடிச்சு மேல் முடிச்சு, பல்லால் கடித்துப் பிரித்தாள். வண்டி குலுங்கக் குலுங்க ஏழாம் பக்கத்துப் பலூனில் எழுதினாள். எழுத்து கோணியது, கோணட்டும். பிறகு நிமிர்ந்து, “சார், ஜன்னல், புழுதி” என்றாள். அவர் சாத்தினார்.

பதினொரு மணிக்கு, இரண்டு காமிக்ஸையும் கட்டுகிற பைண்டிங் கடையின் மாடியில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மேஜைக்கு இந்தக் கோடியில் அழகர்சாமியும் அந்தக் கோடியில் ஜெபமணியும் உட்கார்ந்திருந்தார்கள். பசை வாசனை. கீழே காகிதம் வெட்டும் இயந்திரம் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அழகர்சாமி காலண்டரைப் பார்த்து, “காபி சொல்லியாச்சா?” என்றார். ஜெபமணி ஜன்னலைப் பார்த்து, “சொல்லியாச்சு” என்றார். செண்பகவல்லிக்கு ஒரு நொடி வீட்டில் நிற்பதுபோல இருந்தது. இவர்களுமா? பயம் சட்டென்று பாதியாகக் குறைந்தது. உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தாள். ஒன்றாம் பக்கம் முழுக்கக் குரல் நடுங்கியது. மூன்றாம் பக்கத்தில் தாய்மாமன் புலம்பலுக்கு ஜெபமணி மூக்கால் சிரித்தார். ஐந்தாம் பக்கத்தில் காபி வந்தது, யாரும் தொடவில்லை. ஏழாம் பக்கம் வந்தது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, படத்தை விவரித்து, “பிடி!” என்று வாசித்தாள். பேருந்தில் கத்திய அளவுக்கு இல்லை, ஆனால் மேஜையின் இரண்டு கோடிக்கும் கேட்டது.

“நில்லும்மா” என்றார் ஜெபமணி. “யாரு யாரைப் பாத்துச் சொல்றது இது? அவுக ஆளு எங்க ஆளைப் பாத்து ‘பிடி’ன்னு சொல்றானா? அஞ்சலட்டை போட்டது மறந்துபோச்சாமா?”

“ஏன், அவுக ஆளு எங்க ஆளைப் பாத்து ‘பிடி’ன்னு சொன்னா மட்டும் எங்களுக்குக் காது இனிக்குமாக்கும்?” என்றார் அழகர்சாமி, காலண்டரிடம். “வால் யாரைப் பாத்து இருக்கு, காட்டும்மா.”

பலூனின் வால் மேலே, பாலத்தைப் பார்த்து இருந்தது. அவசரத்தில் கந்தகன் வாயோடு விட்டிருந்தாள். இரண்டு கோடியிலிருந்தும் தலைகள் பக்கத்தை நோக்கி எட்டின. இதுதான் அது, அந்த ஒரு எழுத்து, இருபத்தைந்து வருஷம். அதாவது சார் என்பதா, இல்லை சார் என்பதா? அவள் பேனாவை எடுத்து, இருவர் கண் முன்னாலும், பலூனின் அடியிலிருந்து இன்னொரு வாலை இழுத்தாள், சங்கிலியை ஒட்டி, கீழே, ஆற்றிலிருந்த வாய்வரை.

“ரெண்டு பேரும்தான் சொல்றாங்க சார். ஒரே நேரத்துல. ஒரு பலூன், ரெண்டு வால்” என்றாள். பிறகு, இதுவரை வாழ்க்கையில் யாரிடமும் பேசியிராத நீளத்துக்குப் பேசினாள். “வேன் விழுது சார். உள்ள பதினாலு பேர் இருக்காங்க. பிடிங்கன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆத்துல போயிரும். இந்த இடத்துல மரியாதை பாத்தா அவங்க ரெண்டு பேரும் ஹீரோவே இல்ல.”

கீழே இயந்திரம் ஒரு முறை இறங்கி ஏறியது. அழகர்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி பார்த்தார். பிறகு பக்கத்தைத் தூக்கி, மேஜைக்குக் குறுக்கே எட்டி நீட்டினார்.

“இந்தா, பிடி” என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்குக் கேட்டதுபோல இருந்தது. கை நீட்டியபடியே நின்றது. ஜெபமணி அந்தக் கையைப் பார்த்தார், காலண்டரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு வாலை மேலேயும் ஒரு வாலைக் கீழேயும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“பிடிச்சிருக்கு” என்றார்.

“எது? தாளா, கதையா?” என்றார் அழகர்சாமி.

“நீ முதல்ல காபியைக் குடி, ஆறுது” என்றார் ஜெபமணி. “ஏம்மா, அடுத்தது என்ன? வேன் என்னாச்சு?”

“எட்டாம் பக்கம்” என்றாள் செண்பகவல்லி. “இருவரும் இழுத்தார்கள்.”